மன்னிப்பு: கணக்கை யார் வெட்டுவது?

வன்னியில் "மன்னிச்சு விடு" என்ற பேச்சு கேட்காத இடமில்லை. கட்டாக்காலி மாடு வயலில் இறங்கி மேய்ந்தால் விதானையார் சொல்லுவார். புருஷன் கசிப்பு அடித்துவிட்டு வந்து கைநீட்டினால் மாமியார் சொல்லுவா. பூசையில் ஃபாதர் சொல்லுவார், சபையில் போதகர் சொல்லுவார். கொழும்பிலிருந்து வந்து நல்லிணக்கக் கருத்தரங்கு வைக்கிறவர்களும் சொல்லிவிட்டுத்தான் வாகனம் ஏறுவார்கள்.

சொல் ஒன்றுதான். ஆனால் விதானையாருக்கு வேண்டியது முறைப்பாட்டை நீங்கள் திரும்பப் பெறுவது. மாமியாருக்கு வேண்டியது வீட்டு விஷயம் வெளியே போகாமல் இருப்பது. கருத்தரங்குக்காரருக்குப் பெரும்பாலும் வேண்டியது பழசை யாரும் கிளறாமல் இருப்பது. இவை எதுவும் கிறிஸ்தவ மன்னிப்பு இல்லை. அப்படியென்றால் அது என்ன என்று சமயம் படிக்கத் தொடங்குகிற பிள்ளைகளும் கேட்கிறார்கள், "உங்கட சமயத்தில எல்லாத்தையும் மன்னிக்கோணுமாமே?" என்று சைவ நண்பர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

கடைக் கொப்பி

மன்னிப்பை விளக்க இயேசுவே எடுத்துக்கொண்ட உவமை கடன். அவர் கற்றுத்தந்த செபத்தில், மத்தேயு நற்செய்தியின் பழைய மொழிபெயர்ப்பின்படி, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று வருகிறது. கடன் எப்படிப்பட்டது என்று வன்னிச் சனத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அங்கேயே தொடங்குவோம்.

விசுவமடுப் பக்கம் ஒரு சின்னக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கமக்காரர் ஒருவர் காலபோகத்துக்கு இரண்டு அந்தர் யூரியா, வீட்டுக்கு மா, சீனி, தேயிலை எல்லாம் கொப்பிக்கு வாங்குகிறார். அருவி வெட்டினதும் தருவதாகப் பேச்சு. மார்கழி வெள்ளம் பயிரை அள்ளிக்கொண்டு போகிறது. கொப்பியில் நாற்பதாயிரம் ரூபாய் நிற்கிறது. கடைக்காரர் ஒருநாள் அந்தப் பக்கத்தைப் பிரித்து, பேனையால் குறுக்கே கோடு போட்டு, "சரி அண்ணை, இது முடிஞ்சுது" என்கிறார்.

இப்போது அந்த நாற்பதாயிரம் எங்கே போனது? காற்றில் கரையவில்லை. யூரியாவுக்கும் சீனிக்கும் லொறிக்காரருக்குக் கடைக்காரர் எப்போதோ காசு எண்ணிக் கொடுத்துவிட்டார். கோடு போட்ட அந்த நொடியிலிருந்து நட்டம் முழுவதும் அவர் தலையில். கமக்காரரின் தோளில் இருந்த சுமை கீழே விழவில்லை, ஆள் மாறியிருக்கிறது.

மன்னிப்பின் இயக்கம் இதுதான். தீங்கு செய்யப்பட்டவர், அந்த இழப்பைச் செய்தவரிடமிருந்து பழியாக வசூலிக்கும் உரிமையைக் கைவிட்டு, அதைத் தானே சுமக்கச் சம்மதிக்கிறார். ஆகவே மன்னிப்பு எப்போதும் யாரோ ஒருவருக்குச் செலவு வைக்கும். செலவே இல்லாமல் மன்னித்தேன் என்று ஒருவர் சொன்னால், அங்கே கடன் இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம் வரும்.

இயேசு சொன்ன கணக்கு

"என் சகோதரன் எனக்குக் குற்றம் செய்தால் எத்தனை தடவை மன்னிப்பது, ஏழு தடவையா?" என்று பேதுரு கேட்கிறார். தாராளமாகவே கேட்டிருக்கிறார், நம்மில் பலர் மூன்றோடு நிறுத்திவிடுவோம். "ஏழெழுபது தரம்" என்கிறார் இயேசு. அப்புறம் ஒரு கதை சொல்கிறார். மத்தேயு 18ஆம் அதிகாரம்.

அரசன் ஒருவனுக்கு ஊழியக்காரன் ஒருவன் பத்தாயிரம் தாலந்து கடன். அவன் காலில் விழ, அரசன் மனமிரங்கி முழுவதையும் விட்டுவிடுகிறான். வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிக்காசு தரவேண்டிய இன்னொரு ஊழியனைக் கண்டு தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். அந்த வெள்ளிக்காசு அக்காலத்தில் ஒரு நாள் கூலி. நூறு காசு என்றால் மூன்று, நான்கு மாத உழைப்பு. சின்னத் தொகை இல்லை. ஒரு தாலந்து என்பது அப்படி ஏறக்குறைய 6,000 காசு. பத்தாயிரம் தாலந்து ஆறு கோடி நாட்கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் இரண்டு லட்சம் வருடம் உழைக்கவேண்டும். கேட்டுக்கொண்டிருந்த மீன்பிடிகாரர்கள் சிரித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பிரசங்கங்களில், கதையின் இறுதியில் அரசன் அவனுக்குக் கொடுக்கும் தண்டனையைத்தான் அதிகம் அழுத்துவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இரண்டாவது ஊழியன் கெஞ்சும் வார்த்தைகளும், முதலாவது ஊழியன் அரசனிடம் கெஞ்சிய வார்த்தைகளும் ஏறக்குறைய ஒன்றே: பொறுமையாயிரும், தந்து தீர்க்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு முன் தன் வாயிலிருந்து வந்த பேச்சே தன் காதில் விழுந்தும் அவனுக்கு விளங்கவில்லை.

கிறிஸ்தவர் ஏன் மன்னிக்கவேண்டும் என்பதற்குத் திருச்சபை தரும் காரணம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. நல்ல பெயர் கிடைக்கும், மனதுக்கு நிம்மதி கிடைக்கும், இரத்த அழுத்தம் குறையும் என்பதெல்லாம் காரணம் இல்லை. ஏற்கெனவே நம் பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது என்பதே காரணம். தகுதி பார்க்காமல் இலவசமாக வருகிற அந்தத் தயவுக்குத்தான் கத்தோலிக்கரிடம் அருள் என்று பெயர். மற்றச் சபைகளில் கிருபை என்பார்கள். அந்தக் கோட்டைப் போட்டவர் நட்டத்தை எங்கே சுமந்தார் என்று கேட்டால், கிறிஸ்தவர் சிலுவையைக் காட்டுவார்.

இதுவரை வந்தது இவ்வளவு: குற்றம் ஒரு கடன். மன்னிப்பவர் இழப்பைத் தானே ஏற்கிறார். தான் முன்பே மன்னிக்கப்பட்டவர் என்பதால் ஏற்கிறார்.

பக்கம் கொப்பியிலேயே இருக்கும்

கோடு போட்ட கடைக்காரர் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடுவதில்லை. தொகை அங்கேயே தெரியும், கோடும் தெரியும். மன்னிப்பையும் மறதியையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2843ஆம் எண்ணில், நமக்குச் செய்யப்பட்ட தீங்கை உணராமல் இருப்பதும் அதை மறப்பதும் நம் கையில் இல்லை என்று வெளிப்படையாகவே ஒத்துக்கொள்கிறது. அந்தக் காயம் தூய ஆவியால் இரக்கமாக மாறலாம் என்றுதான் சொல்கிறது.

உயிர்த்த இயேசு தோமாவுக்குக் காட்டியது கையில் ஆணித் தழும்பு. சாவையே வென்றவருக்கு அந்தத் தழும்பை மறைப்பது பெரிய காரியமா? வைத்திருந்தார். 2009 போரில் பட்ட செல் துண்டு இன்னும் உடம்புக்குள் இருக்க, பனிக்காலத்தில் அது குத்தும்போது எழுந்து உட்காருகிற ஆட்கள் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் எத்தனையோ பேர். அவர்களிடம் மறந்துவிடு என்று சொல்வது சமயமே இல்லை, வெறும் அவசரம். மே 18இல் முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றுகிற கிறிஸ்தவத் தாய் மன்னிக்காதவள் என்று யாரும் முடிவு கட்டவேண்டாம். நினைப்பதும் மன்னிப்பதும் ஒரே மனதில் சேர்ந்து இருக்கமுடியும்.

உணர்ச்சியும் அப்படித்தான். மன்னிப்பு ஒரு முடிவு. கோபம் தணிவது அதற்குப் பின்னால் மெதுவாக, சில நேரம் வருடக்கணக்கில் நொண்டிக்கொண்டு வரும்.

மறுபடி கடன் கொடுக்கவேண்டுமா?

பழைய கணக்கை வெட்டினார் என்பதற்காக, அடுத்த நாளே இன்னும் நாலு அந்தர் யூரியா கடனுக்குத் தரவேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இல்லை. உடைந்த உறவு மறுபடி பொருந்துவதற்கு ஒப்புரவு என்று பெயர். மன்னிப்புக்கு ஒருவர் போதும். ஒப்புரவுக்கு இருவர் வேண்டும். குழப்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் விளைகிறது.

இயேசு சிலுவையில் தொங்கியபடி தன்னைக் கொல்கிறவர்களுக்காக "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று கேட்டார். அவர்களில் யாரும் அப்போது மனம் வருந்தியிருக்கவில்லை. அதே இயேசு லூக்கா 17இல், சகோதரன் குற்றம் செய்தால் கண்டி, அவன் மனம் வருந்தினால் மன்னி என்கிறார். முரணாகத் தோன்றும். முதலாவதில் மன்னிக்கிறவரின் உள்ளம் பேசப்படுகிறது, இரண்டாவதில் இருவருக்கும் நடுவிலுள்ள உறவு பேசப்படுகிறது. உள்ளத்தில் பழியைக் கைவிட யாருக்கும் காத்திருக்கத் தேவையில்லை. உறவு திரும்புவதற்கு, செய்தவர் தன் வழியை மாற்றியாகவேண்டும். அந்த மாற்றத்துக்கு மனந்திரும்புதல் என்று பெயர்.

விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலில் வரும் யோசேப்பைப் பாருங்கள். அண்ணன்மார் அவரை விற்றுவிட்டார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்தவர்களை அவர் உடனே கட்டிப்பிடிக்கவில்லை. தானியம் கொடுத்தார், வாங்கிய காசையும் சாக்குக்குள்ளேயே திருப்பி வைத்தார். ஆனால் தான் யார் என்று சொல்லவில்லை. கடைசித் தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்த பிறகே அழுது தன்னைக் காட்டினார். முன்பு தம்பியை விற்கச் சொன்னதும் அதே யூதாதான். மாறியிருக்கிறான் என்று தெரிந்தது.

இதனால்தான், குடித்து அடிக்கிறவனிடம் "மன்னித்துத் திரும்பிப் போ" என்று ஒரு பெண்ணை அனுப்புகிற ஆலோசனையை, யார் வாயிலிருந்து வந்தாலும், நான் ஏற்கமாட்டேன். அவள் மன்னிக்கலாம், பிள்ளைகளோடு தாய்வீட்டில் இருந்துகொண்டே மன்னிக்கலாம், பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டும் மன்னிக்கலாம். அடி நின்றதா, குடி நின்றதா, எத்தனை மாதமாக நின்றது என்று பார்ப்பது ஒப்புரவின் வேலை. அதைச் சோதிக்கிற உரிமை அவளுடையது.

நீதிமன்றம் என்ன செய்யும்?

மன்னித்தால் வழக்கை விடவேண்டுமா என்பார்கள். 1981 மே 13இல் ரோமில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலை மெஹ்மெத் அலி ஆக்ஜா சுட்டான். நான்கு நாள் கழித்து, மருத்துவமனையில் படுத்தபடியே, தன்னைச் சுட்ட சகோதரனை உண்மையாக மன்னித்துவிட்டேன் என்று திருத்தந்தை அறிவித்தார். 1983 மார்கழியில் சிறைக்கே போய் அவனோடு உட்கார்ந்து பேசினார். அதற்காகச் சிறைக்கதவு அன்று திறக்கவில்லை. 2000ஆம் ஆண்டு இத்தாலிய ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுக்கும்வரை ஆக்ஜா அந்த நாட்டுச் சிறையில்தான் இருந்தான். திருத்தந்தை தன் கணக்கை வெட்டினார். அரசின் கணக்கு அரசிடம் இருந்தது.

உரோமையருக்கு எழுதிய மடலின் 12ஆம் அதிகாரத்தில் பழிவாங்காதே என்று எழுதுகிற திருத்தூதர் பவுலே, அடுத்த அதிகாரத்தில் தீமை செய்கிறவனைத் தண்டிக்கிற பொறுப்பு ஆட்சியாளருக்கு உண்டு என்றும் எழுதுகிறார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது.

பிறர் கொப்பியில் கோடு போடமுடியாது

வன்னியில் மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகவும் தடுக்கி விழுவது இங்கே. விசுவமடுக் கடைக்காரர் தன் கொப்பியில்தான் கோடு போடலாம். பக்கத்துக் கடைக் கொப்பியைப் பிரித்து வெட்ட அவருக்கு என்ன உரிமை?

மாற்கு நற்செய்தியில் ஒரு சம்பவம். கப்பர்நாகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட முடக்குவாதக்காரனிடம் "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்கிறார் இயேசு. சுற்றியிருந்த மறைநூல் அறிஞர் கொதித்துப் போகிறார்கள்: கடவுள் ஒருவரைத் தவிரப் பாவத்தை மன்னிக்க யாரால் முடியும்? அவர்களைக் கெட்டவர்களாகக் காட்டிப் பழகிவிட்டோம். ஆனால் அவர்கள் கேட்டது சரியான கேள்வி. கடன் யாருக்குப் பட்டதோ அவர்தான் அதை வெட்டலாம். எந்தப் பாவமும் கடவுளுக்கு எதிரானதும்தான், அந்தக் கடவுளின் அதிகாரம் தனக்கு உண்டு என்பதே அங்கே இயேசுவின் உரிமைக்கோரல். அந்த உரிமைக்கோரல் இல்லாத நாம், பிறர் சார்பில் மன்னிப்பு வழங்கக் கிளம்பக்கூடாது.

2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட உட்கார்ந்தார்கள். படத்தை மடியில் வைத்திருந்த அந்தத் தாய்மார் சார்பில், மேடையில் நின்று மன்னிக்க எந்த அரசியல்வாதிக்கும் எந்த ஆயருக்கும் தகுதி இல்லை. இன்னொன்றும் உண்டு: கோடு போடுவதற்கு முன் தொகை தெரியவேண்டும். எவ்வளவு என்றே எழுதாத பக்கத்தில் எதை வெட்டுவது? பிள்ளை இருக்கிறானா இல்லையா, யார் கொண்டுபோனார்கள், எங்கே என்பது தெரியாத தாயிடம் மன்னிப்பைக் கேட்பது வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பது.

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை செய்தது இதற்கு நேர் எதிர். 2011 தையில், போருக்குப் பின் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் ஓர் எண்ணை வைத்தார்: 146,679. 2008 ஐப்பசியில் வன்னியில் இருந்ததாக அரச செயலகங்கள் பதிந்த 429,059 பேரில், போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாகச் சொல்லப்பட்ட 282,380 பேரைக் கழித்தால் வருவது. இவர்களுக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்றார். 2021 சித்திரை முதலாம் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் கணக்குக் கேட்டதை மன்னிப்புக்கு எதிரானது என்று நினைத்தவர்கள் உண்டு. எனக்கு அது மன்னிப்புக்கு முதல் படியாகத்தான் தெரிகிறது.

நாம் கொடுக்கவேண்டியது

கடன் ஒரு பக்கம் மட்டும் இருப்பதில்லை. 2015 தை 14இல் மடுத்திருப்பதிக்கு வந்த திருத்தந்தை பிரான்சிஸ், நம்மால் என்ன தீமை செய்யக்கூடும், எதில் நாமும் பங்காளிகளாக இருந்தோம் என்பதைச் சிலுவையின் ஒளியில் விளங்கிக்கொண்டால்தான் உண்மையான மனந்திரும்புதல் வரும் என்ற கருத்தில் பேசினார். 1990 ஐப்பசியில் மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்தக் காணிகளில் பிறகு யார் இருந்தார்கள், யார் வாய் திறக்காமல் இருந்தார்கள் என்று ஊருக்குத் தெரியும். போரின் கடைசிக் காலத்தில் இயக்கத்துக்குக் கட்டாயமாகப் பிள்ளை பிடித்தபோது பக்கத்து வீட்டைக் காட்டிக்கொடுத்தவர்களும் இன்று அதே கோயிலில் அதே வாங்கில் இருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்பது எப்படி என்பதற்குத் திருச்சபையிடம் ஒழுங்கு ஒன்று உண்டு. கத்தோலிக்கர் குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் அருட்சாதனத்தை ஊரில் பாவசங்கீர்த்தனம் என்போம். மனம் வருந்துவது, வாயால் சொல்வது, பரிகாரம் செய்வது என்று மூன்றும் அதில் சேரும். பரிகாரம் என்றால் மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்வது என்று பலர் நினைக்கிறோம். திருடியதைத் திருப்பிக் கொடு, அவதூறு சொல்லியிருந்தால் அவர் பெயரை மீட்டுக் கொடு, காயப்படுத்தியிருந்தால் இழப்பீடு கொடு என்று மறைக்கல்வி நூல் 1459ஆம் எண்ணில் பச்சையாக எழுதியிருக்கிறது. மற்றச் சபையினர் நேரடியாகக் கடவுளிடம் அறிக்கையிடுவார்கள். பரிகாரம் அவர்களுக்கும் உண்டு. வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றதை எல்லாச் சபையும் வாசிக்கிறது.

ஆகவே உங்கள் மாடு ஒருவரின் வயலை அழித்திருந்தால், "தெரியாமல் நடந்துபோச்சு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்பதோடு ஆரம்பிக்கலாம், முடிக்கக்கூடாது. அழிந்தது எத்தனை பரப்பு என்று கூடவே நடந்து பாருங்கள். நெல்லோ காசோ கொடுங்கள். மாட்டைக் கட்டுங்கள், கதியால் விழுந்த இடத்தில் புதுசு நடுங்கள். "நடந்தது பிழைதான், ஆனால் நீங்களும் வேலியை ஒழுங்காக அடைக்கேல்லைத்தானே" என்று ஒரு வாலை ஒட்டாதீர்கள். அந்த 'ஆனால்' முன்னால் சொன்னதை எல்லாம் தின்றுவிடும்.

மன்னிக்கிறவர் எங்கே தொடங்குவது?

நடந்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "ஏதோ நடந்தது, பரவாயில்லை" என்றால் மன்னிக்க எதுவும் இல்லை. இன்னார் எனக்கு இதைச் செய்தார், அது பிழை, எனக்கு இன்ன இழப்பு என்று கடவுளிடமாவது வாய்விட்டுச் சொல்லவேண்டும். பிறகு, இதற்காக நான் பழி எடுக்கமாட்டேன் என்று முடிவெடுங்கள். அந்த ஆளின் பெயரைச் செபத்தில் சேருங்கள். நல்லாயிருக்கட்டும் என்று முழுமனதோடு சொல்ல வராது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் கணக்கில் சேரும்.

நாலு நாள் கழித்து, சந்தையில் அவரைக் கண்டதும் வயிறு எரியும். மன்னிப்புப் பொய்யாகிவிட்டதோ என்று பயப்படவேண்டாம். அந்த ஏழெழுபது தரம் என்பதை நான் இப்படியும் வாசிப்பதுண்டு: ஒரே குற்றம் ஞாபகத்துக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் மறுபடி அதே முடிவை எடுப்பது. கோடு போட்ட பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து கிணற்றடியில் வாசித்துக் காட்டாமல் இருப்பதும் இதில் அடங்கும். மன்னித்துவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவது வட்டி வசூலிப்பதுதான்.

இன்னும் முடியவில்லை என்பவர்களுக்கு விவிலியத்திலேயே இடம் இருக்கிறது. 109ஆம் திருப்பாடல் பகைவனைச் சபிக்கிற சாபம், படித்தால் தூக்கிவாரிப்போடும். 88ஆம் திருப்பாடல் எந்த ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. இரண்டையும் எடுத்துவிடாமல் செபப் புத்தகத்திலேயே வைத்திருக்கிறார்கள். மன்னிக்க இயலாத தாய், மன்னித்ததாகக் கடவுளிடம் பொய் சொல்லவேண்டியதில்லை. தன் கோபத்தை அப்படியே அங்கே கொண்டுபோய்க் கொட்டலாம். அவளை அவசரப்படுத்தாமல், தினமும் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதுதான் அயலவர் செய்யவேண்டியது.